பலகையில் பெயர் யாருக்கு? பணத்தின் கணக்கு யாருக்கு?

உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ, பள்ளிக்கூடத்து மதிலோரத்திலோ, பேருந்து நிலையத்துக்கு எதிரேயோ ஒரு பலகை நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், தோழர்களே! பளபளக்கும் பலகை. மேலே கம்பெனியின் முத்திரை. நடுவே திறந்து வைத்த பெரிய மனிதரின் பெயர். கீழே 'சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இந்த ஏரி தூர் வாரப்பட்டது' என்று ஒரு வரி. எவ்வளவு ரூபாய் செலவாயிற்று என்பது பலகையில் இராது. எத்தனை யூனிட் மண் எடுத்தார்கள், அந்த மண் எங்கே போயிற்று என்பது இராது. யாரைக் கேட்டு அந்த வேலையை எடுத்தார்கள் என்பது இரவே இராது.

கரைமீது குந்தியிருக்கும் பெரியவரைக் கேளுங்கள். "மவராசனுங்க, தம்பி! கேக்காமலே ஏரி வெட்டிக் குடுத்தாங்க" என்பார். பலகை இருக்கும் திசை நோக்கி ஒரு கும்பிடும் போடுவார். அந்தச் சொல்லும் அந்தக் கும்பிடும்தான் இதை எழுதத் தூண்டின. கேட்காமலே கொடுத்தார்கள் என்பது உண்மை. ஊரைக் கேட்காமலே கொடுத்தார்கள்! மகராசன் என்பது மட்டும் உண்மையல்ல. சட்டம் செலவிடச் சொன்ன தொகையைச் செலவிட்டவர் அவர், அவ்வளவே. கடனைத் திருப்பித் தந்தவனை யாரேனும் கர்ணன் என்று அழைப்பதுண்டா?

சட்டம் என்ன சொல்லுகிறது?

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி — இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்திய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி இலாபம் 100 கோடி என்றால் 2 கோடி; 1,000 கோடி என்றால் 20 கோடி. எதற்குச் செலவிடலாம் என்பதையும் சட்டத்தின் ஏழாவது அட்டவணை வரிசைப்படுத்தியிருக்கிறது. பசி ஒழிப்பு, கல்வி, மருத்துவம், ஊரக வளர்ச்சி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று அந்தப் பட்டியல் நீளுகிறது.

தொடக்கத்தில் இந்தச் சட்டத்துக்குப் பல் இல்லை. செலவிடாத கம்பெனி, ஏன் செலவிடவில்லை என்று அறிக்கையில் ஒரு காரணம் எழுதிவிட்டால் போதும், வேலை முடிந்தது. 2021 ஜனவரியில்தான் பல் முளைத்தது. செலவிடாத தொகையைச் சட்டம் குறிப்பிடும் நிதிக்கு மாற்றியாக வேண்டும் என்று விதி வந்தது. நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கான தொகை என்றால் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்றாண்டுக்குள் செலவழிக்க வேண்டும். தவறினால் அபராதம்: கட்ட வேண்டிய தொகையைப் போல் இரு மடங்கு அல்லது 1 கோடி ரூபாய், இரண்டில் எது குறைவோ அது! 50 கோடி பாக்கி வைத்தவனுக்கும் அபராதத்தின் உச்சி 1 கோடிதான். முளைத்த பல் பால் பல்தான் என்றாலும், பல் பல்தானே!

இப்படித் திரளும் பணம் அற்பமல்ல. 2020-21 முதல் 2023-24 வரை ஆண்டுதோறும் 25 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இந்தக் கணக்கில் நாடு முழுவதும் செலவிடப்பட்டிருக்கிறது.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? இலாபம் என்பது ஐப்பசி மழையைப் போல வானத்திலிருந்து விழுவதல்ல. இரவு ஷிப்டில் கண் விழித்தவனின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆலைக்காக நிலத்தை விட்டுக்கொடுத்தவனின் வயல் அதில் இருக்கிறது. ஆழ்குழாய் போட்டு உறிஞ்சிய ஊர் நீரும், ஊர்ப் பாதையில் ஓடி ஓடிப் பள்ளம் விழச் செய்த லாரியும் அதில் இருக்கின்றன. இந்த நூற்றில் இரண்டு பங்கைத் திருப்பித் தருவதற்குப் பெயர் கொடை என்றால், மிச்சமிருக்கும் தொண்ணூற்றெட்டுக்கு என்ன பெயர் வைப்பது?

மதகுக்குக் கீழே தோண்டிய ஏரி

"யார் பணமாக இருந்தால் என்ன? ஏரியைத் தூர் வாரியது நல்லதுதானே?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஏரிக்கரைக்கே போய்ப் பதில் தேடுவோம்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரிகள் கணக்கில் இருக்கின்றன. ஏரி என்றால் வெறும் பள்ளம் அல்ல. மழைநீரை அழைத்துவரும் வரத்துக்கால் வேண்டும். நீரைத் தாங்கும் கரை வேண்டும். வயலுக்குத் திறந்துவிட மதகு வேண்டும். மிகுந்த நீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகக் கலங்கல் வேண்டும். இந்த நான்கில் ஒன்று கெட்டாலும் ஏரி கெட்டது. மதகின் அடிமட்டம் எதுவோ அதுவே வயலுக்குப் பாயும் நீரின் கடைசி மட்டம். அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும், அங்கே தேங்கும் நீர் மாடு குடிக்க உதவும். பக்கத்துக் கிணறு ஊற உதவும். வயலுக்கு மட்டும் ஒரு சொட்டும் ஏறி வராது. இது பொறியியல் கல்லூரியில் படித்தவர்க்கு மட்டும் தெரிந்த இரகசியம் அல்ல. மடை திறக்கும் நீர்க்கட்டிக்குப் பரம்பரையாகத் தெரிந்த பாடம்.

ஆனால் ஊரைக் கேட்காத திட்டம் எப்படி நடக்கும்? மார்ச் மாதத்துக்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்கை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் பொக்லைன் வந்து இறங்கும். ஏரியின் நடுவே ஆழமாகத் தோண்டும். ஏனென்றால் ஆழமான குழிதான் புகைப்படத்தில் எடுப்பாகத் தெரியும். இரண்டு கல் தொலைவில், வீட்டுமனைக்காரர் அடைத்துவிட்ட வரத்துக்கால் புகைப்படத்தில் தெரியாது. ஆகவே அதை யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் வழக்கு வரும். பெரிய இடத்துப் பகை வரும். மழை வரும், நீர் வராது. அடுத்த கோடையில் வேலிக்காத்தான் முளைத்த வெறுங்குழியும், கரையின்மேல் மங்காத பலகையும்தான் மிஞ்சும்!

எல்லா ஊரிலும் இப்படியே நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. நன்றாக நடந்த இடங்களும் உண்டு. நன்றாக நடந்த இடத்தில் போய்ப் பாருங்கள். வேலைக்கு முன்னால் ஊர் கூடியிருக்கும். எது முதலில், எது பிறகு என்று ஆயக்கட்டுக்காரரும் கூலிக்காரரும் பேசியிருப்பார்கள். ஊரைக் கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல, தோழர்களே! ஊரைக் கேட்காவிட்டால் செலவிட்ட பணமே வீண்.

தலைமடையும் கடைமடையும்

பணம் பாயும் வாய்க்காலையும் சற்றுப் பார்ப்போம். தொழில் நடத்தும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 135ஆவது பிரிவே சொல்லுகிறது. அதைப் படித்தவுடன் நமக்கு மகிழ்ச்சி. ஆனால் டில்லி அமைச்சகம் 2021இல் தந்த விளக்கம் என்ன? அந்த முன்னுரிமை வழிகாட்டலே, கட்டாயமல்ல! சட்டம் கொடுத்ததை விளக்கம் பறித்துக்கொண்டது. விளைவு, தொழில் செழித்த மகாராட்டிரம் போன்ற மாநிலங்களுக்குத் தொகை குவிகிறது. வடகிழக்கின் சிறு மாநிலங்களுக்குக் கிடைப்பது கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அளவு. ஒரே மாநிலத்துக்குள்ளும் தலைநகரைச் சுற்றிய மாவட்டம் நனையும். தொலைவில் கிடக்கும் மாவட்டம் காயும். தலைமடைக்காரன் வயல் அழுகும் அளவுக்கு நீர். கடைமடைக்காரன் நாற்றங்காலுக்கும் நீர் இல்லை என்ற பழங்கதைதான்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2020இல் கொரோனா நோய் பரவியபோது, பிரதமர் பெயரால் அமைந்த பிஎம் கேர்ஸ் நிதிக்குக் கம்பெனிகள் தரும் பணம் இந்த 2 விழுக்காட்டுக் கணக்கில் சேரும் என்றார்கள். முதலமைச்சரின் நிவாரண நிதிக்குத் தந்தால் சேராது என்று 2020 ஏப்ரல் 10ஆம் நாள் சுற்றறிக்கை விட்டார்கள். நோயாளி கிடப்பது மாநில அரசின் மருத்துவமனையில். இரவு பகல் உழைப்பவர் மாநில அரசின் செவிலியர். உள்ளூர் ஆலையின் பணம் மட்டும் டில்லியின் உண்டியலுக்கு! மாநிலப் பேரிடர் ஆணையத்துக்குத் தரலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்துவைத்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். பெருங்கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பதை ஊர் அறியும்.

மாநிலத்தின் கதி இது என்றால், பத்து இளைஞர்கள் கூடி நடத்தும் ஊர் மன்றத்தின் கதி என்ன? பனைவிதை ஊன்றுகிறார்கள், குளக்கரையைச் சீர் செய்கிறார்கள், குப்பையைப் பிரித்து உரமாக்குகிறார்கள். கம்பெனி நிதியைப் பெற அவர்கள் போனால் என்ன கேட்பார்கள்? முதலில் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்திருக்க வேண்டும். பிறகு வருமான வரிச் சட்டத்தின்கீழ் இரண்டு விதப் பதிவுகள் வேண்டும். மூன்றாண்டுப் பணி அனுபவத்துக்குச் சான்று வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அமைச்சகத்தில் தனிப் பதிவெண்ணும் வேண்டும். அந்தப் படிவத்தில் தணிக்கையாளர் போன்ற ஒருவரின் சான்று வேண்டும். திருட்டு நிறுவனங்களைத் தடுக்க விதிகள் வேண்டும்தான்; மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சல்லடையில் சலித்தால் மேலே தங்குவது யார்? நகரத்தில் அலுவலகம் வைத்து, ஆங்கிலத்தில் அறிக்கை எழுத ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள். பனைவிதை ஊன்றிய கை கீழே விழுந்துவிடுகிறது.

முன்பெல்லாம் கிளை வாய்க்கால் ஒன்று இருந்தது. பெரிய நிறுவனம் வெளிநாட்டு உதவியைப் பெறும்; சிறு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு நிபந்தனைகளோடு இடம் தந்தது. 2020 செப்டம்பரில் அதைத் திருத்தினார்கள். பெற்ற பணத்தை வேறெந்த நிறுவனத்துக்கும் மாற்றக் கூடாது. நிர்வாகச் செலவுக்கு 50 விழுக்காடு வரை இருந்த அனுமதி 20 ஆயிற்று. பணம் முதலில் டில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். கன்னியாகுமரியில் கடலோரப் பணி செய்பவனுக்கும் கணக்கு டில்லியில்! 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்தத் திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. கிளை வாய்க்கால் அடைபட்டது, கடைமடை காய்ந்தது.

"வெளிநாட்டுப் பணம் ஆபத்தல்லவா?" என்பார்கள். ஆபத்தாகலாம், கண்காணிக்க வேண்டும். ஆனால் கண்காணிப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா? 2014 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம், நாட்டின் இரு பெரிய கட்சிகள் வெளிநாட்டுத் தொடர்புள்ள கம்பெனியிடம் நன்கொடை பெற்றது சட்டமீறல் என்றது. உடனே என்ன நடந்தது? 2016இலும் 2018இலும் நிதிச் சட்டங்களின் மூலம் சட்டத்தின் பொருளையே மாற்றினார்கள். அந்த மாற்றம் 1976ஆம் ஆண்டு முதலே செல்லும் என்றும் எழுதிக்கொண்டார்கள். நாற்பதாண்டுப் பிழை ஒரே வரியில் கழுவப்பட்டது. குளம் வெட்டுகிறவனுக்குக் கதவு அடைப்பு. கட்சி நடத்துகிறவனுக்குப் பின்தேதியிட்ட மன்னிப்பு! இதுதான் அவர்கள் பேசும் நாட்டுப்பற்றின் நிறை. தராசில் வைத்துப் பாருங்கள்.

இழப்பீடு வேறு, அன்பளிப்பு வேறு

உழைக்கும் தோழர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. சுற்றுச்சூழலைக் கெடுத்தவன் அதைச் சீர் செய்வது சட்டக் கடமை; அது சமூகப் பொறுப்பு நிதியில் சேராது. வேறெந்தச் சட்டத்தின்படியும் செய்தே தீர வேண்டிய வேலையை இந்தக் கணக்கில் காட்டக் கூடாது என்று 2021ஆம் ஆண்டு விதி தெளிவாகச் சொல்லுகிறது. ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கொடையல்ல. அதை மூடிவைத்துவிட்டு வாசலில் நூறு மரக்கன்று நட்டுப் படம் எடுத்தால், அது பசுமையும் அல்ல.

நொய்யலை நினைத்துப் பாருங்கள். திருப்பூரின் சாயக்கழிவு அந்த ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாயிற்று. எந்த உழவனுக்காக அணை கட்டினார்களோ, அந்த உழவனே 'நீரைத் தேக்காதே' என்று கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அன்று வேலையிழந்தவன் யார்? சாயப்பட்டறைத் தொழிலாளி. அதற்கு முன்பே நிலமிழந்தவன் யார்? ஆற்றோரத்து உழவன். இருவரும் நம்மவரே; ஒரே வீட்டு அண்ணனும் தம்பியுமாகக்கூட இருக்கலாம். ஆலை வேண்டுமா, ஆறு வேண்டுமா என்று அண்ணனையும் தம்பியையும் மோதவிடுவார்கள். ஆலையும் வேண்டும், ஆறும் வேண்டும். சுத்திகரிக்கும் செலவு இலாபத்திலிருந்து வர வேண்டும் என்பதே நம் பதில். முதலில் இழப்பீடு, முதலில் சுத்திகரிப்பு. அதற்கு மேல்தான் அந்த 2 விழுக்காடு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க இடம் தரக் கூடாது.

'ஊர்' என்பது யார்?

ஊரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்கிறோம். அந்த ஊர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய குடிமராமத்தைப் பற்றிப் பேசும்போது சிலர் கண்கலங்கிவிடுகிறார்கள்: ஊர் ஒன்றுகூடி ஏரியைக் காத்த பொற்காலமாம்! 1858ஆம் ஆண்டில் வெள்ளையர் ஆட்சி சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து அந்த வேலையைச் சட்டக் கடமையாக்கியதையும் அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மரத்தடியில் அமர்ந்து முடிவு செய்தவர்கள் நிலமுள்ள சிலர். கூடையைத் தலையில் சுமந்தவர்கள் சேரி மக்கள். அவர்கள் கரையைக் கட்டினார்கள். அந்தக் கரையில் சரிநிகராக உட்கார உரிமை இல்லாதிருந்தார்கள். அந்த ஊர் நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டிய ஊர் கிராம சபை. அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தமும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அமைத்துத் தந்த சபை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். மேலத்தெரு, கீழத்தெரு, சேரி, குடியானவர் தெரு என்ற பிரிவு அதில் இல்லை. பெண்கள் எழுந்து பேசினால் அதுவும் தீர்மானத்தில் ஏறும். நாலு பெரிய மனிதர் தலையாட்டியதை 'ஊர் சம்மதம்' என்று எழுதிக்கொடுக்கும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை; இருக்கவும் விடக் கூடாது.

நம்மிடத்திலுள்ள ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லுவோம். ஊராரே பங்கு செலுத்திப் பணி செய்யும் 'நமக்கு நாமே' திட்டம் தமிழ்நாட்டில் 1997இல் தொடங்கியது. 2021இல் புத்துயிர் பெற்றது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும் என்பது பொது விதி. நல்ல எண்ணம், நல்ல பெயர். ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட வல்ல ஊர் எது? வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகளும், கடைவீதியும் உள்ள ஊர். நாட்கூலியில் காலந்தள்ளும் ஊர் 9 இலட்ச ரூபாய் வேலைக்கு 3 இலட்சத்தை எங்கே தேடும்? அங்கேதான் கம்பெனிகளின் நிதி போய்ச் சேர வேண்டும். ஏழை ஊரின் பங்கை அந்த நிதி செலுத்தட்டும். மீதியை அரசு தரட்டும். முடிவைக் கிராம சபை எடுக்கட்டும். பணத்துக்கும் வழியுண்டு, ஊரின் மானத்துக்கும் இழுக்கில்லை.

நம் பணம், நம் கணக்கு

"கிராமத்தானுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியுமா?" என்று ஏளனம் செய்யும் கனவான்களுக்கு ராஜஸ்தானைக் காட்டுவோம். 1990ஆம் ஆண்டு மே முதல் நாளில், தொழிலாளர் திருநாளில், அங்கே பீம் என்ற சிற்றூரில் உழைப்பாளர், உழவர் சங்கம் ஒன்று பிறந்தது. பஞ்சத்தால் அடிபட்ட மண்; அரசின் நிவாரண வேலையில் கூலியை முழுதாகத் தராத கொடுமை. கூலி கேட்டவர்கள், கூலி கொடுத்ததாக எழுதிய பேரேட்டைக் காட்டு என்றார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் மன்றம் கூட்டி, பேரேட்டை உரக்கப் படித்தார்கள். வேலை செய்யாதவன் பெயரில் கூலி. முடியாத கட்டடத்துக்கு முழுத் தொகை! படிக்கத் தெரியாதவர்கள் எழுந்து நின்று, "இது பொய்" என்று ஒவ்வொன்றாகச் சாட்சி சொன்னார்கள். 'நம் பணம், நம் கணக்கு' என்பதே அவர்களுடைய முழக்கம். அந்த முழக்கம் வளர்ந்துதான் 2005ஆம் ஆண்டில் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் வேலை உறுதிச் சட்டம், செலவைத் தணிக்கை செய்யும் உரிமையைக் கிராம சபைக்கே தந்தது. கூலிக்காரன் தொடுத்த கேள்வி நாட்டின் சட்டமாயிற்று, தோழர்களே!

அரசுப் பணத்துக்குக் கிராம சபை கணக்குக் கேட்கலாம் என்று சட்டம் வகுத்த நாட்டில், கம்பெனி நிதிக்கு மட்டும் ஏன் கேட்கக் கூடாது? இன்று அந்தக் கணக்கு டில்லிக்குப் போகிறது, பங்குதாரர்களுக்குப் போகிறது, தணிக்கையாளர் மேசைக்குப் போகிறது. எந்த ஏரிக்காகச் செலவு எழுதினார்களோ, அந்த ஏரிக்கரை ஊருக்கு மட்டும் போவதில்லை. தனியார் கம்பெனியிடம் தகவல் உரிமைச் சட்டம் நேராகச் செல்லுபடியாகாது என்பதும் உண்மை. பொதுத்துறை நிறுவனங்களிடம் செல்லும். அங்கிருந்தே தொடங்கலாமே!

செய்ய வேண்டியது

கோபப்படுவது எளிது, கூட்டம் கூட்டிக் கைதட்டல் பெறுவது அதைவிட எளிது. ஊழியர்கள் செய்ய வேண்டிய வேலை வேறு.

ஆலையில் பணிபுரியும் தோழர்களுக்கு முதல் வேலை. உங்கள் கம்பெனி ஒப்புதல் அளித்த சமூகத் திட்டங்களைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. எடுத்துப் படியுங்கள். சங்கக் கூட்டத்தில் தமிழில் படித்துக் காட்டுங்கள். இந்த நிதி தொழிலாளர் நலனுக்கு என்று ஒதுக்கும் நிதி அல்ல. அதைச் சட்டம் ஏற்காது. போனசும் ஊதிய உயர்வும் வேறு போராட்டம். இங்கே நீங்கள் கேட்பது உங்களுக்காக அல்ல. ஆலை மதிலுக்கு வெளியே இருக்கும் ஊருக்காக. அப்படிக் கேட்கும்போது ஊரும் நாளை உங்கள் போராட்டத்தில் உங்கள் பக்கம் நிற்கும்.

ஊரில் பணிபுரியும் தோழர்களுக்கு இரண்டாவது வேலை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும் என்று 2022 முதல் வகுத்திருக்கிறார்கள். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்திருக்கின்றன. மார்ச் 22இல் ஏரியின் குறைகளைப் பட்டியலிடுங்கள்: வரத்துக்கால் எங்கே அடைபட்டது, மதகு எங்கே உடைந்தது, எதை முதலில் செய்ய வேண்டும் என்று எழுதித் தீர்மானமாக்குங்கள். தீர்மானத்தின் படியை மாவட்ட ஆட்சியருக்கும் சுற்றுவட்டக் கம்பெனிகளுக்கும் அனுப்புங்கள். நிதி வந்தால், வேலை முடிந்தபின் கணக்கை மே நாள் சபையிலே படிக்கச் சொல்லுங்கள். மே நாளில் கணக்குக் கேட்பதைவிட மே நாளுக்கு மரியாதை வேறென்ன?

மூன்றாவது, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை. நிதி வரும் இடத்தில் தரகனும் வருவான். தூர் வாரும் ஒப்பந்தத்துக்கும் வாரிய மண்ணை விற்கும் உரிமைக்கும் கட்சிக் கொடியைக் காட்டி முன்வரிசையில் நிற்கும் ஆசை, நம்மவரில் சிலருக்கும் வரலாம். வந்தால் அவரை முதலில் தடுக்க வேண்டியவர்கள் நாம்தான். கம்பெனியிடம் கணக்குக் கேட்கும் வாயில் மண் ஒட்டியிருந்தால் கேள்வி எழாது. கணக்குக் கேட்பவன் கணக்குக் காட்டவும் அணியமாக இருக்க வேண்டும்.

நாட்டிடம் நாம் வைக்கும் கோரிக்கையும் சுருக்கமானது. உள்ளூர் முன்னுரிமையைக் கட்டாயமாக்குக! சிறு மன்றங்கள் ஊராட்சியின் பரிந்துரையோடு நிதி பெற எளிய வழி காண்க! முதலமைச்சர் நிதிக்கும் பிரதமர் நிதிக்கும் ஒரே நீதி செய்க! ஊரில் செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் அந்த ஊர்க் கிராம சபையில் கணக்குப் படிக்க விதி செய்க!

ஏரிக்கரைக்கே திரும்புவோம். பலகை நிற்கட்டும், அதைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் அதில் இனி வேறு வரிகள் எழுதப்பட வேண்டும்: கிராம சபைத் தீர்மானம் இன்ன எண், இன்ன நாள்; மதிப்பீடு இவ்வளவு, செலவு இவ்வளவு; எடுத்த மண் இவ்வளவு; கணக்குப் படித்த நாள் இது. அந்தப் பலகைக்கு எதிரே நிற்கும் பெரியவர் கும்பிடமாட்டார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கணக்கைப் படிப்பார். தொகையில் ஐயம் வந்தால், "இது எப்படி, தம்பி?" என்று கேட்பார்.

அவர் கேட்கும் நாளில் பதிலோடு பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் நீங்கள், தோழர்களே!